நாடாப்புழு சும்மா கிடப்பதில்லை
நாடாப்புழுவுக்கு நரம்பு பெயரளவில்தான், குடலில் கொளுவிக்கொண்டு சும்மா கிடக்கும் என்று நாடாப்புழுவைப் பற்றிய ஒரு கட்டுரையில் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சுன்னாகத்தில் எங்கள் வீட்டு நாயின் மலத்தில் வெள்ளரி விதை மாதிரி விழும் துண்டுகளைப் பார்த்திருக்கிறேன், உடம்பை விட்டுக் கழன்ற பிறகும் தலையே இல்லாமல் அவை சுருங்கி விரிந்து நகரும், ஏனென்றால் நரம்பு வடங்கள் ஒவ்வொரு துண்டின் ஊடாகவும் போகின்றன, அவற்றில் நரம்புச் செய்தியைக் கடத்தும் செரட்டோனின் என்ற இரசாயனம் இருக்கிறது. கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர், மகிழ்ச்சி ஹார்மோன் என்று சொல்லப்படும் இந்தச் செரட்டோனின் புழுவுக்கு எதற்கு என்று கேட்டிருக்கிறார். சரி, எங்கள் உடம்பிலேயே அதில் 90 சதவீதத்துக்கு மேல் இருப்பது குடலில்தானே. நாடாப்புழுவில் அது தசையைத் தூண்டி அசைய வைக்கிறது, அதற்கு வேண்டிய சக்திக்குக் உடலில் சேமித்து வைத்த கிளைக்கோஜன் என்ற மாச்சத்தை உடைக்கவும் தூண்டுகிறது. எங்கள் கை கால் தசையைச் சுருக்கும் அசிட்டைல்கோலின் என்ற நரம்பு இரசாயனம் இங்கே அடக்கும் வேலையைச் செய்கிறது, அப்படியே தலைகீழ். எலிக் குடலில் வாழும் ஹைமனோலெபிஸ் டிமினுட்டா என்ற நாடாப்புழுவில் இதை நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள், எலி சாப்பிடும் நேரத்தை ஒட்டி அது குடலுக்குள் முன்னும் பின்னும் இடம் மாறும், எலியின் செரட்டோனினையும் உடம்பின் மேற்பரப்பு வழியே உறிஞ்சிக்கொள்ளும். சும்மா கிடக்கிற பிராணியா இது? மிருக வைத்தியர் தரும் பிராசிகுவான்டெல் குளிசை புழுவின் உடலுக்குள் கால்சியத்தைப் பாயவிட்டுத் தசையை இறுக்குகிறது, அது செரட்டோனினைக் குறிவைக்காத வேறு வழி. புழுவின் செரட்டோனின் ஏற்பிகளை, அதாவது செரட்டோனின் வந்து ஒட்டி வேலை செய்யும் புரதங்களை, குறிவைத்துப் புது மருந்து தேடுவதைப் பற்றியும் கட்டுரையில் ஒரு வரியாவது வந்திருக்க வேண்டும்.