தொடாமலே நோயறியும் கைகளா?

"உடலைத் தொடாமல், மேலே கையை நகர்த்தியே, உடலைச் சுற்றி இருப்பதாகச் சொல்லப்படும் ஆற்றல் புலத்தை உணர்ந்து நோயறிபவர்களைச் சோதிக்க அறிவியல் அஞ்சுகிறது" என்று பரவும் செய்தி தவறு. சோதித்திருக்கிறார்கள். அமெரிக்கச் சிறுமி எமிலி ரோசா நடத்திய சோதனை 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியானது. இம்முறையில் சிகிச்சை தரும் 21 பேர் தடுப்புக்கு அப்பால் இரு கைகளையும் நீட்டினர். நாணயம் சுண்டி, அவற்றில் ஒன்றுக்கு மேலே எமிலி தன் கையைப் பிடித்தாள். எந்தக் கைக்கு மேலே என்று அவர்கள் சொல்ல வேண்டும். இரண்டு சுற்றுகளிலும் சேர்த்து 280 முயற்சிகளில் 123தான் சரி. வெறும் ஊகத்திலேயே சுமார் 140 வந்திருக்கும்! இரண்டாம் சுற்றில் எமிலியின் கைகளை முன்பே உணர்ந்து, அவள் எந்தக் கையைப் பயன்படுத்த வேண்டும் என்று தேர்ந்தெடுக்கவும் அனுமதித்தார்கள், அப்போதும் பலனில்லை.

முகம், நடை, மூச்சு எல்லாமே நோயைக் காட்டிக்கொடுக்கும். அவற்றை மறைக்காமல், எத்தனை சரியானால் வெற்றி என்று முன்பே ஒப்புக்கொள்ளாமல், தொடாமலே நோயறிவதாகக் காட்டி எடுத்த காணொளி எதுவும் ஆதாரமாகாது.