முடிவு தெரிந்தால் என்ன?
கொலையாளி யாரென்று தெரிந்துவிட்டால் துப்பறியும் படத்தில் பார்க்க ஒன்றுமில்லை என்கிறது ஒரு கட்டுரை. அப்படியானால் அகதா கிறிஸ்டியின் 1934 நாவல் 'மர்டர் ஆன் தி ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்' இத்தனை முறை படமாகியிருக்காதே! நாவலில் ரயிலில் ஒரு கொலை நடக்கும்; அதன் பின்னணியான பழைய குழந்தைக் கடத்தல் வழக்கு கொலைக்குப் பிறகுதான் தெரியவரும். சிட்னி லூமெட் தன் 1974 படத்தில் முதலில் காட்டுவதே அதைத்தான், ரயிலெல்லாம் அப்புறம். முடிவு தெரிந்து பார்த்தால் இன்க்ரிட் பெர்க்மனின் விசாரணைக் காட்சி இன்னும் ருசிக்கும். வெட்டே இல்லாத நீண்ட ஷாட். தடுமாறும் ஆங்கிலம், அலைபாயும் கண்கள். இதில் எது நிஜப் பதற்றம், எது பாசாங்கு என்று இரண்டாம் முறைதான் எனக்குப் பிடிபட்டது. அந்த வேடத்துக்குத்தான் ஆஸ்கார் வாங்கினார். 2017இல் கென்னத் பிரானா எடுத்தது சோர்வாக இருந்ததற்குக் காரணம் முடிவு தெரிந்ததல்ல. சந்தேக வளையத்தில் இருப்பவர்களில் பாதிப் பேருக்குப் பேசவே நேரமில்லை, எல்லாம் துப்பறிவாளராக வரும் பிரானாவின் மீசைக்கே போய்விட்டது.