சேமிப்பறைக்கு முதலில் காசு கொடுங்கள்

ஒரு பழங்குடி அருங்காட்சியகத்தைப் புதுப்பித்து விரிவாக்குகிறார்கள் என்றால் நான் முதலில் தேடுவது சேமிப்பறையைத்தான். கண்ணாடி முகப்பும் கஃபேயும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பின்லாந்தின் வடக்கே இனாரியில் இருக்கும் சீடா இதற்கு நல்ல உதாரணம். சாமி பழங்குடி மக்களின் அருங்காட்சியகமும் வடக்கு லாப்லாந்தின் இயற்கை மையமும் அங்கே ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. 1998இல் திறந்த கட்டடத்தை விரிவாக்கி, 2022இல் புதிய நிரந்தரக் கண்காட்சியோடு மறுபடி திறந்தார்கள். 2024இல் ஐரோப்பாவின் சிறந்த அருங்காட்சியகம் என்ற விருதும் கிடைத்தது, சந்தோஷம். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய விஷயம், ஹெல்சின்கியிலுள்ள தேசிய அருங்காட்சியகம் தன்னிடமிருந்த 2,200க்கும் மேற்பட்ட சாமிப் பொருட்களை 2021இல் அவர்களிடமே ஒப்படைத்தது. "உங்களிடம் பாதுகாக்க வசதி இல்லையே" என்பதுதானே பொருளைத் திருப்பித் தராத பெரிய அருங்காட்சியகங்கள் காலங்காலமாகச் சொல்லும் சாக்கு? வெப்பமும் ஈரப்பதமும் மாறாத நாலு அறை கட்டிவிட்டால் அந்தச் சாக்கு செல்லாது.

பொருள் ஊருக்குத் திரும்பினால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு ஒரு தொப்பியைச் சொல்கிறேன். லாட்யோகாஹ்பிர் என்று பெயர், சாமிப் பெண்கள் அணிந்தது, உச்சியில் பின்பக்கம் கொம்பு மாதிரி எழும்பி நிற்கும், உள்ளே மரத்தில் செதுக்கிய கட்டை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியோடு வழக்கொழிந்துபோனது. கலைஞர் ஒவுதி பியெஸ்கியும் ஆய்வாளர் ஏவா கிறிஸ்தீனா ஹார்லினும் அருங்காட்சியகங்களில் கிடந்த பழைய தொப்பிகளைத் தேடிப் பார்த்து, அவை எப்படிச் செய்யப்பட்டன என்று புரிந்துகொண்டு, சாமிப் பெண்களோடு உட்கார்ந்து மறுபடி தைத்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று பார்த்தால் தையல் பிடிபடாது, உள்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அதனால் விரிவாக்கத் திட்டத்தில் நல்ல வெளிச்சமுள்ள பெரிய மேசை ஒன்று கட்டாயம் வேண்டும். பழைய பொருட்களில் பூச்சி அரிக்காமல் இருக்க ஆர்சனிக் போன்ற நஞ்சு தடவியிருப்பார்கள், அதைச் சோதிக்க ஆளும் கருவியும் வேண்டும்.

இயற்கையையும் பண்பாட்டையும் தனித்தனிக் கூடத்தில் வைக்கச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. குளிர்காலத்தில் பனிமேல் மழை பெய்து உறைந்துவிட்டால், அடியில் இருக்கும் லைக்கனை (பாசி மாதிரித் தரையில் படரும் உயிர், கலைமானின் குளிர்கால உணவு) கலைமானால் தோண்டி எடுக்க முடியாது, சாமிக் குடும்பங்கள் வளர்க்கும் மந்தை பட்டினி கிடக்கும். இது வானிலைச் செய்தியா, ஒரு குடும்பத்தின் பிழைப்பா? அங்கே இரண்டும் ஒன்றுதான், கண்காட்சியிலும் அப்படியே இருக்கட்டும்.

கட்டடத்துக்குப் பணம் தரும் அரசுகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். திறப்பு விழாவோடு நிறுத்திவிடாமல், அந்தப் பழங்குடி மக்களின் மொழி பேசும் காப்பாளர்களுக்கு வருடா வருடம் சம்பளம் ஒதுக்குங்கள்.