கட்டை அவிழ்த்தவர்களுக்கு

தமிழ் வளர்க்கும் கூட்டத்தார் சனிக்கிழமை நடத்திய கண்காட்சியைப் பற்றி இரண்டு நாட்களாக நான் எதுவும் எழுதவில்லை. படங்களை எல்லோரும் பகிர்ந்துவிட்டீர்கள். பலர் என்னையும் அதில் இணைத்து, அப்பப்பாவின் கடிதங்கள் எவ்வளவு வடிவாக இருக்கின்றன என்று வாழ்த்தியும் விட்டீர்கள். வடிவாகத்தான் இருக்கின்றன. மஞ்சள் அட்டையில் பசை பூசி ஒட்டி, நான்கு ஓரத்தையும் நேராக வெட்டி, மேலே லமினேற் செய்து, மூலையில் பூவும் வரைந்திருக்கிறார்கள். கலியாண வீட்டு வரவேற்புப் பலகைகூட இவ்வளவு சோடனையோடு இருக்காது.

நான் அவர்களிடம் கொடுத்தது ஒரு பழைய பிஸ்கற் தகரம். அதற்குள் பதினொரு கட்டுகள் இருந்தன. ஒவ்வொன்றும் சணல் நூலால் கட்டப்பட்டு, மேலே செருகிய துண்டுக் கடதாசியில் அப்பப்பாவின் கையால் ஆண்டு எழுதப்பட்டிருந்தது. கடிதம் அதனதன் உறைக்குள் இருந்தது. அந்தக் கடிதம் எதைப் பற்றியதோ அந்தச் செய்தியின் வீரகேசரி அல்லது தினகரன் நறுக்கும் அதே உறைக்குள் மடிக்கப்பட்டிருந்தது. நறுக்கின் ஓரத்தில் பத்திரிகையின் பெயரும் திகதியும் பென்சிலால் குறிக்கப்பட்டிருந்தன. இப்போது கடிதங்கள் ஒரு பலகையில், நறுக்குகள் வேறொரு பலகையில். ஓரத்தை வெட்டியதில் பென்சில் எழுத்து முழுவதும் போய்விட்டது. உறைகள் எங்கே என்று கேட்டேன். முத்திரை சேர்ப்பவர் ஒருவர் ஆசையோடு கேட்டதால் முத்திரைகளை வெட்டிக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார்களாம். அதைச் சொன்ன பிள்ளை சிரித்துக்கொண்டே சொன்னது. அதற்கு உண்மையிலேயே எதுவும் விளங்கவில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான்: கட்டுத்தான் ஆவணம். அதைப் பிரித்தால் மிஞ்சுவது பழைய கடதாசி.

அந்தக் கண்காட்சியிலேயே இதற்குச் சாட்சி தொங்குகிறது. இடப்பக்கத்து மூன்றாவது பலகையில் ஒரு சிறு கடிதத்தைப் பார்த்திருப்பீர்கள். மேலே ‘செவ்வாய்க்கிழமை’ என்று மட்டும் இருக்கும், திகதி இல்லை. ‘நீ அனுப்பிய சாமான் பத்திரமாக வந்து சேர்ந்தது. ஒன்றும் உடையவில்லை. சின்னது மட்டும் கொஞ்சம் நனைந்துவிட்டது’ என்று யாழ்ப்பாணத்திலிருந்து அப்பப்பாவின் தமையனார் எழுதியிருக்கிறார். உறையில் தபாலகம் குத்திய குறி 1958 ஜூன் மாதத்தைக் காட்டியது. உள்ளே இருந்த நறுக்கு, அந்த ஆண்டுக் கலவரத்தில் வீடிழந்த தமிழர்களைக் கொழும்பிலிருந்து ஏற்றிச்சென்ற கப்பல் வடக்கே போய்ச் சேர்ந்த செய்தி. அவசரகாலச் சட்டமும் பத்திரிகைத் தணிக்கையும் இருந்த நாட்கள் அவை. சாமான் என்று எழுதப்பட்டது என் அப்பம்மாவும் மூன்று பிள்ளைகளும். நனைந்த சின்னது என் தகப்பனார். இன்று அந்தக் கடிதத்தின் கீழே ‘அக்கால வர்த்தகக் கடிதம்’ என்று அச்சடித்து ஒட்டியிருக்கிறார்கள். அரசாங்க இலிகிதராக இருந்த அப்பப்பா இறந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு வியாபாரியாகிவிட்டார்.

எல்லாவற்றையும் மின்வருடி (ஸ்கான் செய்து) வைத்திருக்கிறார்களே என்று ஒருவர் நேற்று உள்பெட்டியில் கேட்டார். எண்ணிமப்படுத்தலுக்கு நான் எதிரியில்லை. ஈழத்து நூல்களை இணையத்தில் சேர்த்துவைக்கும் ‘நூலகம்’ தளம் 2005 முதல் செய்துவரும் வேலையால் பயன் பெற்றவர்களில் நானும் ஒருவன். ஆனால் உறையின் முன்னும் பின்னும், கடிதம், நறுக்கின் இரு பக்கங்கள் என்று இருந்த ஒழுங்கிலேயே எடுத்தால்தான் அது மின்வருடல். ஓரம் வெட்டிய பிறகு கைத்தொலைபேசியில் எடுத்தது வெட்டப்பட்டதன் படம், அவ்வளவுதான்.

விடயம் தெரிந்த ஒருவர் இன்னொன்று சொன்னார். பத்திரிகைத் தாள் மரக்கூழில் செய்தது, தன்னுள் இருக்கும் அமிலத்தாலேயே பழுத்துப் பொடிந்துவிடும், அதைக் கடிதத்தோடு சேர்த்து மடித்து வைத்தால் கடிதத்திலும் கறை ஏறும், ஆகவே பிரித்தது சரிதான் என்றார். முதற்பாதி முழு உண்மை. அப்பப்பாவின் பல கடிதங்களில் நறுக்கின் வடிவத்திலேயே பழுப்புக் கறை இருந்தது. ஆனால் பிரிப்பவர் அமிலமற்ற தாளை இடையில் வைப்பார், அல்லது எது எந்த உறையிலிருந்து வந்தது என்று இரண்டிலும் இலக்கமிட்டுவிட்டுப் பிரிப்பார். பசையும் லமினேற்றும் எந்தப் பாதுகாப்பு முறையில் சேர்த்தி?

சம்பளமில்லாமல் உழைத்த பிள்ளைகளை மனம் நோகச் செய்யலாமா என்கிறார்கள். தொண்டு என்று பெயர் வைத்தால் கத்தரிக்கோல் மழுங்கிவிடுமா?

கொழும்பிலிருக்கும் தேசிய சுவடிகள் திணைக்களத்திடம் கொடுத்திருக்கலாமே என்பது நியாயமான கேள்வி. 1640 முதல் 1796 வரையான ஒல்லாந்தர் ஆட்சிப் பதிவேடுகளைக் கொண்ட இடம் அது. நம்மவர் கையில் இருக்கட்டும் என்று நினைத்தேன். நினைத்தது என் பிழை, எழுதிக்கொள்ளுங்கள். உ.வே.சாமிநாதையர் தமக்கு வந்த கடிதங்களைச் சேர்த்துவைத்ததால்தான் நம் சி.வை.தாமோதரம்பிள்ளை அவருக்கு எழுதியவையும் நமக்குக் கிடைத்தன. கோட்டையூர் ரோஜா முத்தையா நறுக்குகளையும் அழைப்பிதழ்களையும்கூட வீசாமல் சேர்த்தார். அவருடைய சேகரிப்பைக் கொண்டு 1994இல் சென்னையில் ஒரு நூலகமே எழுந்தது. நாங்கள் ஒவ்வொரு ஜூன் 1ஆம் திகதியும் யாழ்ப்பாண நூலகத்தில் எரிந்த 97,000 நூல்களைப் பற்றிப் பதிவிடுகிறோம். நானும் தவறாமல் பதிவிடுகிறேன். இனிமேல் பதிவிடும்போது கை கூசும்.

1983 ஜூலையில் வெள்ளவத்தை வீட்டைவிட்டு ஓடியபோது இந்தத் தகரத்தை எடுக்க எங்களுக்கு நேரமிருக்கவில்லை. பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண்மணி அதை எடுத்துத் தன் அரிசிப் பெட்டிக்கு மேலே வைத்திருந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து நான் போனபோது சேலைத் தலைப்பால் தூசு துடைத்துக் கொடுத்தார். ஒரு நூல்கூட அவிழ்ந்திருக்கவில்லை. அவருக்குத் தமிழ் ஓரெழுத்தும் வாசிக்கத் தெரியாது. அவர் வைத்திருந்த நான்கு ஆண்டுகளில் நடக்காதது, தமிழ் வளர்க்கும் கூட்டத்தாரிடம் நான்கு மாதத்தில் நடந்துவிட்டது. இப்படி எழுதினால் சிலருக்குச் சுடும். சுடட்டும்.

‘நீ மட்டும் என்ன யோக்கியனா’ என்று யாரும் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். ஒன்பது வயதில், முத்திரை அல்பத்துக்காக, கொதிக்கும் கேத்தில் வாயில் அப்பப்பாவின் உறையொன்றைப் பிடித்து இரண்டு முத்திரைகளை உரித்தெடுத்தேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகு, தகரம் திரும்பி வந்த பின், 1961 என்று எழுதிய கட்டை மெல்லத் தளர்த்திப் பார்த்தபோது அந்த உறையோடு ஒரு துண்டுக் கடதாசி இருந்தது: ‘முத்திரை இரண்டு, பேரன் எடுத்தது’ என்று எழுதி, திகதியும் போட்டிருந்தார்.

அந்தத் துண்டு எந்தப் பலகையிலும் இல்லை. யாருடைய மேசை லாச்சியிலாவது கிடந்தால் தயவுசெய்து தாருங்கள். பலகைகளை நீங்களே வைத்துக்கொள்ளலாம்.