மூவாயிரத்து ஐந்நூற்று நாற்பத்திரண்டரைக் கதிர்

(கொடைக்கானல், கோக்கர்ஸ் வாக் என்ற மலைவிளிம்பு நடைபாதையின் நுழைவாயில். மதியம் மூன்று மணி. பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வந்த மூடுபனியில் கீழே பெரியகுளமும் தெரியவில்லை, எதிரே கைப்பிடிக் கம்பியும் தெரியவில்லை. கரி அடுப்பில் சோளக்கதிர் சுடுகிறார் தனம். கழுத்தில் கேமராவும் முகத்தில் கவலையுமாக நிற்கிறார் போட்டோக்காரர் ஆரோக்கியம். பனி விலகும்வரை இருவருக்கும் பேச்சுதான் வியாபாரம்.)

ஆரோக்கியம்: அக்கா, முடிவு செய்துவிட்டேன். ஐபேட் புரோ வாங்கப் போகிறேன்.

தனம்: எவ்வளவு?

ஆரோக்கியம்: அது என்ன பொருள் என்று முதலில் கேளுங்கள்.

தனம்: விலையைச் சொல். என்ன பொருள் என்று நானே தெரிந்துகொள்கிறேன்.

ஆரோக்கியம்: ஆப்பிள் நிறுவனத்தின் பதினொரு அங்குல டேப்லெட், அதாவது ஸ்லேட்டு மாதிரி ஒரு தொடுதிரைக் கணினி. 2024 மே மாதம் எம்4 சிப்போடு வந்தபோது 99,900 ரூபாய்.

தனம்: ஒரு லட்சம் என்று சொல்ல வாய் கூசுகிறதா?

ஆரோக்கியம்: நூறு ரூபாய் குறைவு, அக்கா.

தனம்: அந்த நூறு ரூபாய்ப் பள்ளத்தில்தான் உன்னைப் போன்றவர்கள் விழுகிறீர்கள். சரி, அது என்ன செய்யும்?

ஆரோக்கியம்: எடுத்த படத்தை அங்கேயே பெரிதாகக் காட்டும். கேமராவின் பின்பக்கத் திரை மூன்று அங்குலம். மாப்பிள்ளை யார், பெண் யார் என்றே அதில் தெரிவதில்லை. ‘நன்றாக வரவில்லை’ என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுகிறார்கள். இதில் தானே ஒளிரும் ஓஎல்இடி அடுக்குகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்திருக்கிறார்கள். கறுப்பு இருக்கும் இடத்தில் விளக்கே எரியாது. கன்னங்கறுப்பு!

தனம்: நீ எடுப்பதெல்லாம் வெள்ளைப் பனி. அதற்கு எதற்குக் கன்னங்கறுப்பு?

ஆரோக்கியம்: வெள்ளைக்கும் குறைவில்லை. திரை வெளிச்சத்தை அளக்கும் கணக்கில் ஆயிரம் நிட்ஸ்.

தனம்: அதாவது, பனியை இன்னும் பளிச்சென்று காட்டும்.

(இங்கே ஆரோக்கியத்துக்காக நான் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அந்தத் திரையைப் பார்த்தவர்கள் அதன்பிறகு தங்கள் சொந்தப் போனைக் கொஞ்சம் ஏளனமாகத்தான் பார்ப்பார்கள். தனம் அதைப் பார்த்ததில்லை. அதனால்தான் அவர் கணக்கு பிசகாமல் போகிறது.)

ஆரோக்கியம்: எடையைக் கேளுங்கள். 444 கிராம். தடிமன் 5.3 மில்லிமீட்டர்தான்.

தனம்: குரங்குக்கு வசதி.

ஆரோக்கியம்: என்ன?

தனம்: அன்றைக்கு ஓர் அம்மாவின் கைப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடியதே, நினைவிருக்கிறதா? பாதி மரம் ஏறியதும் பாரம் தாங்காமல் போட்டுவிட்டது. இதைப் போடாது.

ஆரோக்கியம்: கொண்டுபோனாலும் பயன்படுத்த முடியாது. என் முகத்தைப் பார்த்தால்தான் திறக்கும்.

தனம்: எந்த முகத்தை?

(நியாயமான கேள்வி. குல்லாய்க்கும் மஃப்ளருக்கும் நடுவே ஆரோக்கியத்திடம் இரண்டு கண்கள் மட்டுமே வெளியே இருக்கின்றன.)

ஆரோக்கியம்: மஃப்ளரை இறக்க வேண்டும். மூக்கும் வாயும் மூடியிருந்தால் ஐபேட் அடையாளம் காணாது.

தனம்: டிசம்பர் காலையிலுமா?

ஆரோக்கியம்: கடவு எண்ணை அழுத்திக்கொள்ளலாம்.

தனம்: கையுறையோடா?

ஆரோக்கியம்: அதையும் கழற்ற வேண்டும். விரல் பட்டால் திரையின் மின்புலம் லேசாக மாறும். அந்த மாற்றத்தை வைத்துத்தான் யாரோ தொடுகிறார்கள் என்று அதற்குத் தெரியும். நடுவில் கம்பளி வந்தால் தெரியாது.

தனம்: கை ஈரமாக இருந்தால்?

ஆரோக்கியம்: குழம்பிவிடும்.

தனம்: ஆக, மஃப்ளர் இல்லாமல், கையுறை இல்லாமல், கையில் ஈரமும் இல்லாமல் கொடைக்கானலில் நிற்க வேண்டும். அப்படி நிற்பவனுக்கு டேப்லெட் எதற்கு? ஆஸ்பத்திரியில் ஒரு கட்டில் போதும்.

ஆரோக்கியம்: நீங்கள் குளிரையே பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். பூஜ்யத்திலிருந்து முப்பத்தைந்து டிகிரிவரை அது நன்றாக வேலை செய்யும் என்று நிறுவனமே சொல்கிறது.

தனம்: முப்பத்தைந்துக்கு மேலே போனால்?

ஆரோக்கியம்: சூடு தாங்காமல் திரை மங்கும். ரொம்பவும் போனால், ஆறும்வரை ஒன்றும் செய்யவிடாது.

தனம்: மே மாதம் மலையடிவாரத்து வத்தலக்குண்டில் வைத்தால் படுத்துவிடும் என்று சொல். அதுவும் சீசனுக்கு மலையேறி வரும் கூட்டம்தான். ஞாபகமாக இ-பாஸ் எடுத்துவிடு. கோர்ட் உத்தரவு போட்ட பிறகு அது இல்லாமல் வெளியூர்ச் சுற்றுலா வண்டியை மேலே விடுவதில்லை.

(எலுமிச்சை மூடியை மிளகாய்ப்பொடி உப்பில் தோய்த்து, சுட்ட கதிரின் மேல் அழுத்தித் தேய்க்கிறார். ஒரு துளி ஆரோக்கியத்தின் கேமரா லென்ஸில் தெறிக்கிறது. அவர் மஃப்ளர் நுனியால் துடைக்கிறார். லென்ஸில் இப்போது மிளகாயோடு கம்பளி இழையும் இருக்கிறது.)

ஆரோக்கியம்: அதன் மூளையைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லையே. அதே எம்4 சிப்பைத்தான் பிறகு அவர்களுடைய மேக் கணினிகளிலும் போட்டார்கள்.

தனம்: அப்படியானால் கணினி செய்கிற வேலையெல்லாம் இதுவும் செய்யுமா?

ஆரோக்கியம்: சிப்புக்குத் திராணி இருக்கிறது. ஆனால் மேக்கில் ஓடும் மென்பொருள் இதில் ஓடாது. ஐபேடுக்கென்று எழுதியதுதான் ஓடும்.

தனம்: கோயில் யானையை வாங்கி வந்து பூக்கூடை சுமக்க விடுகிறாய்.

ஆரோக்கியம்: பூக்கூடையும் சும்மா இல்லை, அக்கா. போன மாதம் ஒரு புதுமண ஜோடியை எடுத்தேன். நடுவில் யாரோ ஒருவர் கதிர் கடித்துக்கொண்டு நிற்கிறார். இதில் பேனாவால் அவரைச் சுற்றி ஒரு கோடு போட்டால் ஆளைக் காணாமல் அடித்துவிடலாம்.

தனம்: கதிரையுமா?

ஆரோக்கியம்: கதிரையும்தான்.

தனம்: அந்தப் படத்தில் எனக்கு விளம்பரமாக இருந்தது அது ஒன்றுதான். பேனா எவ்வளவு?

ஆரோக்கியம்: (குரலைத் தாழ்த்தி) தனியாக 11,900.

தனம்: உன் மைத்துனனிடம் ஒரு பேனா இருக்கிறதே?

ஆரோக்கியம்: அது முந்தின தலைமுறைப் பேனா. இதற்கு ஒட்டாது.

தனம்: கேமராவிலிருந்து படம் எப்படி உள்ளே போகும்?

ஆரோக்கியம்: மெமரி கார்டு செருக அதில் இடம் கிடையாது. கீழே ஒரே ஒரு யூஎஸ்பி-சி துளை. அதில் கார்டு ரீடரை மாட்ட வேண்டும்.

தனம்: சார்ஜ் எந்தத் துளையில்?

ஆரோக்கியம்: அதே துளையில். இரண்டும் சேர்ந்து வேண்டுமென்றால் அவர்களுடைய விசைப்பலகையை வாங்கலாம். அதில் சார்ஜ் ஏற்ற மட்டும் இன்னொரு துளை உண்டு. 29,900.

தனம்: ஒரு துளைக்கா?

ஆரோக்கியம்: எழுத்து விசைகளும் இருக்கின்றன.

தனம்: எதைத் தட்டப் போகிறாய்?

ஆரோக்கியம்: விலைப்பட்டியல்.

தனம்: உன்னிடம் இருப்பதே ஒரு விலைதான். பிரிண்ட் நூறு ரூபாய். அதைத் தட்டி முடித்த பிறகு?

(ஆரோக்கியம் பனியைப் பார்க்கிறார். தனம் கண்ணை மூடி, உதட்டை அசைக்கிறார்.)

தனம்: மொத்தம் 1,41,700. கதிர் நாற்பது ரூபாய் என்றால் மூவாயிரத்து ஐந்நூற்று நாற்பத்திரண்டரைக் கதிர்.

ஆரோக்கியம்: (போனில் தட்டிப் பார்த்து) சரியாக இருக்கிறது! அந்த அரைக் கதிர்கூட!

தனம்: உன் ஐபேடில் கால்குலேட்டர் இருக்கிறதா?

ஆரோக்கியம்: இப்போது இருக்கிறது.

தனம்: இப்போது என்றால்?

ஆரோக்கியம்: முதல் ஐபேட் 2010-இல் வந்தது. நிறுவனமே கால்குலேட்டரைச் சேர்த்துக் கொடுத்தது 2024-இல்.

தனம்: பதினான்கு வருஷமா! கணக்குப் போட்டுப் பார்த்தால் எவன் வாங்குவான் என்று வைக்காமல் இருந்திருப்பார்கள்.

ஆரோக்கியம்: அதுவரை மற்றவர்கள் செய்த கால்குலேட்டரை இறக்கிக்கொண்டார்கள், அக்கா.

தனம்: வேறு கம்பெனியில் இப்படி ஒன்று கிடையாதா?

ஆரோக்கியம்: இருக்கிறது. சாம்சங் கேலக்ஸி டேப் எஸ்9, 2023-இல் வந்தது. பேனா பெட்டியோடு வரும். மைக்ரோ எஸ்டி கார்டு போடும் இடம் உண்டு. தண்ணீரும் தூசியும் தாங்கும் என்பதற்கு ஐபி68 தகுதி வேறு. ஒன்றரை மீட்டர் நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. ஐபேடுக்கு அப்படித் தண்ணீருக்கான தகுதி எதையும் அவர்கள் சொல்லவில்லை.

தனம்: ஊரே நனையும் ஊரில் இருந்துகொண்டு, நனையாததை விட்டுவிட்டு நனைவதை வாங்குவானேன்?

ஆரோக்கியம்: மனது, அக்கா.

தனம்: அதற்கு என்ன விலை என்று எவனும் போடுவதில்லை, பார். சரி, கடைசியாக ஒன்று கேட்கிறேன். அந்தத் திரையில் படத்தைக் காட்டுகிறாய். ஆகா என்கிறார்கள். பிறகு?

ஆரோக்கியம்: பிறகு பிரிண்ட் கேட்பார்கள்.

தனம்: கேட்க மாட்டார்கள். பையிலிருந்து போனை எடுப்பார்கள். உன் திரையை ஒரு படம் பிடித்துக்கொள்வார்கள். ‘ரொம்ப நன்றி அண்ணா’ என்று சொல்லிவிட்டு என்னிடம் கதிர் தின்ன வந்துவிடுவார்கள். இன்றைக்கு நாலு பேராவது உன்னிடம் பிரிண்ட் வாங்குகிறார்கள் என்றால், அந்தச் சின்னத் திரையில் ஒன்றும் விளங்காததால்தான்.

ஆரோக்கியம்: ஒளியைக் குறைத்து வைத்துக் காட்டுகிறேன். முகம் அரைகுறையாகத் தெரியும்படி.

தனம்: அந்த வசதி உன் கேமராவிலேயே இருக்கிறது.

(கொஞ்ச நேரம் கரி வெடிக்கும் சத்தம் மட்டும். திடீரென்று ஆரோக்கியத்தின் கண்கள், அதாவது வெளியே தெரிகிற மொத்த ஆரோக்கியமும், பளிச்சிடுகின்றன.)

ஆரோக்கியம்: அக்கா, படம் பார்க்க என்னிடம் கூட்டம் கூடும். பார்த்தவர்கள் காசு கொடுக்காமல் நேராக உங்களிடம் வருவார்கள். அப்படித்தானே சொன்னீர்கள்?

தனம்: சொன்னேன்.

ஆரோக்கியம்: அப்படியானால் லாபம் உங்களுக்குத்தான். தவணையில் பாதியை நீங்கள் கட்ட வேண்டியது நியாயம்.

(தனத்தின் விசிறி நிற்கிறது. பனிக்குள் எங்கோ ஒரு சுற்றுலா பஸ்ஸின் ஹாரன் கேட்கிறது.)

தனம்: இதைவிடப் பெரிய திரை உண்டா?

ஆரோக்கியம்: பதின்மூன்று அங்குலம் உண்டு. 1,29,900.

தனம்: அதைப் பார். பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே கண்ணில் பட வேண்டும். பேனா மட்டும் வேண்டாம். கதிர் தின்கிற ஆள் படத்திலேயே இருக்கட்டும்.