ராஜாஜி ஓசூரில் ஜெயித்து முதல்வரானாரா?

‘1952-ல் சொந்த மண்ணான ஓசூரில் நின்று ஜெயித்து ராஜாஜி முதல்வரானார்’ என்று கிருஷ்ணகிரி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் சுற்றுகிறது. தவறு.

அவர் பிறந்தது ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில்தான், 1878-ல். அன்று அது சேலம் மாவட்டம். ஆனால் 1952 தேர்தலில் அவர் எந்தத் தொகுதியிலும் நிற்கவே இல்லை. மொத்தம் 375 இடங்களில் காங்கிரஸுக்குக் கிடைத்தது 152, பெரும்பான்மை இல்லை. ஆளுநர் ஸ்ரீபிரகாசா அவரை மேலவைக்கு நியமித்தார். அப்படித்தான் ஏப்ரல் 10 அன்று முதல்வரானார். மக்களிடம் ஓட்டுக் கேட்காமல் வந்தது சரியா என்று அன்றே பெரும் சர்ச்சை எழுந்தது. அதை மறைத்து வெற்றிக்கதை கட்டுவது நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம்.

கவர்னர் ஜெனரலாகவும் மத்திய உள்துறை அமைச்சராகவும் இருந்தவருக்கு இல்லாத வெற்றி எதற்கு? படத்தை அனுப்பியவருக்கே இதைத் திருப்பி அனுப்புங்கள்.