மார்பக உள்வைப்பு ‘ஆயுளுக்கும் பாதுகாப்பு’ என்பது தவறு

பாலக்காட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம் பகுதித் தமிழ்ப் பெண்களிடையே, “மார்பகத்தைப் பெரிதாக்க ஒருமுறை சிலிக்கான் வைத்துக்கொண்டால் ஆயுளுக்கும் கவலையில்லை, பக்கவிளைவே கிடையாது” என்றொரு வாட்ஸ்அப் செய்தி சுற்றிவருகிறது. இது உண்மையல்ல.

மார்பகத்துக்குள் வைக்கப்படும் பைகளான உள்வைப்புகள் ஆயுளுக்கும் உழைப்பவை அல்ல என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் தெளிவாகக் கூறியுள்ளது. ஆண்டுகள் கூடக்கூடச் சிக்கல்களும் மறு அறுவைக்கான வாய்ப்பும் கூடுகின்றன. உள்ளே வைத்த பையைச் சுற்றி உடல் இயல்பாகவே மெல்லிய தழும்புச் சவ்வை உருவாக்கும். சிலருக்கு அது சுருங்கி இறுகி, மார்பகம் கல்போலாகி, வடிவம் கோணி, தொட்டாலே வலிக்கும். உப்புநீர் நிரப்பிய பை கிழிந்தால் மார்பு வற்றுவது கண்ணுக்குத் தெரியும். சிலிக்கான் ஜெல் பை கிழிந்தாலோ வெளியே ஒன்றும் தெரியாமலே போகலாம் என்பதால்தான், அறிகுறி இல்லாதவர்களும் 5 அல்லது 6 ஆண்டுகளில் முதல் ஸ்கேனும், பிறகு 2 அல்லது 3 ஆண்டுகளுக்கு ஒருமுறையும் எடுக்க வேண்டுமென அந்நிர்வாகம் பரிந்துரைக்கிறது. கிருமித்தொற்று, காம்பில் உணர்வு குறைதல், தாய்ப்பால் கொடுப்பதில் சிரமம் ஆகியவையும் நேரலாம். முடிவெடுக்கப்போகும் பெண்ணிடம் இவற்றை மறைப்பது பெரும் அநீதி.

சொரசொரப்பான மேற்பரப்புள்ள உள்வைப்புகளோடு தொடர்புடைய அரிய நிணநீர்ப் புற்றுநோயின் காரணமாக, 2019 ஜூலையில் உள்வைப்புகளைத் தயாரித்த அலர்கன் நிறுவனம் தன் பயோசெல் வகையை உலகெங்கும் திரும்பப் பெற்றது. அறுவை முடிந்து பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு மார்பகம் மட்டும் வீங்கினால், அது இந்தப் புற்றுநோயின் அறிகுறியாக இருக்கலாம் என்பதால், தாமதியாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.